பரிசு இல்லாத ஓட்டம்

ஓட்டப் போட்டி என்றதும் எமது நினைவுக்கு வருவது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியும், சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர்க் கழகங்கள் நடத்தும் மரதன் ஓட்டமும்தான். முதலாவதாக வருபவருக்குக் கிண்ணம், இரண்டாம் மூன்றாம் இடங்களுக்கு ஏதாவது பொருள், மற்றவர்களுக்குக் கைதட்டல். ஆனால் யார் முன்னால் வந்தார் என்று எவருமே பார்க்காத ஓட்டங்களும் உலகில் நடைபெறுகின்றன. அவற்றில் ஓடலாம், நடக்கலாம், கைக்குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டும் வரலாம். ஓடப் போகின்றவர் பல நாட்களுக்கு முன்னரே ஒரு தாளுடன் உறவினர், அயலவர், வேலைத்தலத்தவர் என்று எல்லோரிடமும் போவார். "நான் இத்தனை கிலோமீற்றர் ஓடப்போகின்றேன். நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டு, பெயரையும் தொகையையும் எழுதி வாங்குவார். அப்படிச் சேரும் காசு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகும்.

கனடாவில் இருக்கும் எமது உறவினரின் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. செப்டெம்பர் மாதம் பாடசாலைக்கு இரண்டு டொலர் குற்றியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எல்லோருமாக ஓடும் நாள் ஒன்று அங்கே உண்டு. ஸ்காபரோவில் வசிக்கும் என் அக்காவின் மகன் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "ஓடுறதுக்கு நாங்கள் ஏன் ராசா காசு குடுக்கவேணும்? ஓடினால் அவையெல்லோ பரிசு தரவேணும்!" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதென்றால் டெரி பொக்ஸ் என்ற இளைஞரின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1958 இல் வினிபெக் நகரில் பிறந்து, கனடாவின் மேற்குக் கரையில் போட் கொக்விற்லம் என்ற ஊரில் வளர்ந்தவர் டெரி. கூடைப்பந்து என்றால் உயிர். 1976 இன் கடைசியில் வலது முழங்காலில் நோவு தொடங்கியது. விளையாட்டுப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் வைத்தியரிடம் போனபோது எலும்புப் புற்றுநோய் எனத் தெரியவந்தது. சில நாட்களுக்குள் முழங்காலுக்கு மேலே 15 சென்ரிமீற்றர் உயரத்தில் வலது கால் அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18. (வளரும் பிள்ளைகளின் மூட்டு நோவை, விளையாடி அடிபட்டது என்று எண்ணெய் பூசி விட்டுவிடுவது எமது வழக்கம். பெரும்பாலான வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் மாறாத நோவோ, இரவில் நித்திரையைக் குழப்பும் நோவோ, வீக்கமோ இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.)

பதினாறு மாதங்கள் அவர் மருந்தேற்றும் சிகிச்சை பெற்றார். தலைமுடி கொட்டியது, வாந்தி நிற்கவில்லை. ஆனால் அவரை உலுக்கியது தமது வேதனையல்ல. சிகிச்சை நிலையத்தில் தம்மைவிடச் சிறிய பிள்ளைகள் அழுவதையும், சிலர் இறந்து போவதையும் அவர் கண்டார். அத்துடன் வைத்தியர்கள் சொன்ன ஒரு கணக்கும் அவர் மனதில் பதிந்தது. அவர் பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 வீத வாய்ப்பு இருக்கின்றது; இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே நோய் வந்திருந்தால் 15 வீதம்தான் என்றார்கள். இடைப்பட்ட அந்தக் காலத்தில் சிகிச்சை முறை முன்னேறியிருந்தது. முன்பின் தெரியாத யாரோ கொடுத்த காசில், முன்பின் தெரியாத யாரோ செய்த ஆராய்ச்சியினால்தான் தாம் உயிரோடு இருக்கின்றோம் என்பதை 18 வயதில் அவர் விளங்கிக்கொண்டார். ஆகவே காசு சேர்ப்பதாயின் கட்டிலுக்கோ கட்டடத்துக்கோ அல்ல, ஆராய்ச்சிக்கே சேர்ப்பது என்று முடிவு செய்தார்.

பொய்க்காலுடன் இரவில் இரகசியமாகப் பயிற்சி தொடங்கியது. 1979 இல் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் நடந்த 27 கிலோமீற்றர் ஓட்டத்தில் அவர் கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவருக்கும் அவருக்கும் பத்து நிமிட இடைவெளி. அதற்குப் பின்னர்தான் கனடாவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடிக் கடக்கப் போவதாக வீட்டில் சொன்னார். தாயார் பெற்றி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உனக்குப் பைத்தியமா என்று கேட்டாராம். என்னை முதலில் நம்பப்போவது நீங்கள்தான் என்று நினைத்தேனே அம்மா என்ற தொனியில் மகன் சொன்ன வார்த்தை அந்தத் தாயை எப்படிச் சுட்டிருக்கும் என்று எம்மால் ஊகிக்க முடிகின்றது. புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அதை வாசற்படி தாண்ட விடவே மனம் வராது. பெற்றியை நான் குறைசொல்ல மாட்டேன்.

1980 ஏப்ரல் 12 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில், அத்திலாந்திக் சமுத்திரத்தில் பொய்க்காலை நனைத்துவிட்டு டெரி ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர், அதாவது ஒரு முழு மரதன். நண்பர் ஒருவர் வானை ஓட்டிக்கொண்டு கூடவே போனார். பின்னர் தம்பியும் சேர்ந்துகொண்டார். தொடக்கத்தில் கவனித்தவர்கள் குறைவு. பிறகு போட் ஓ பாஸ்க் என்ற சிறு துறைமுக ஊரில் சுமார் பத்தாயிரம் பேர் சேர்ந்து பத்தாயிரம் டொலர் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டொலர் என்ற இலக்கு அங்கேதான் துளிர்விட்டது. ரொறன்ரோவுக்கு வந்தபோது நகரசபைச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் காத்திருந்தார்கள். தமது பெயரை வைத்து எந்தக் கம்பனியும் பொருள் விற்கக்கூடாது என்பதில் அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார்.

செப்டெம்பர் முதலாம் திகதி, 143 ஆவது நாள், தண்டர் பே நகருக்கு வெளியே நெஞ்சு நோவினால் ஓட்டம் நின்றது. புற்றுநோய் சுவாசப்பைக்குப் பரவியிருந்தது. அதுவரை அவர் ஓடியது 5,373 கிலோமீற்றர். 1981 பெப்ரவரியில் சேர்ந்திருந்த தொகை 24.17 மில்லியன் டொலர். கனடாவின் சனத்தொகையும் அப்போது அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூன் 28 இல், 23 ஆவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் காலமானார்.

செப்டெம்பரில் முதலாவது டெரி பொக்ஸ் ஓட்டம் நடந்தது. மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டனர். அன்று தொடங்கி இதுவரை சேர்ந்த நிதி 850 மில்லியன் கனடிய டொலருக்கும் அதிகம். போட்டி இல்லை, பரிசு இல்லை, வியாபார விளம்பரம் இல்லை என்ற மகனின் நிபந்தனைகளை முப்பது ஆண்டுகளாகக் காவல்காத்தவர், ஒருகாலத்தில் மாட்டேன் என்று சொன்ன அதே பெற்றிதான். பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார். 2011 இல் அவரும் மறைந்தார்.

சரி, ஆராய்ச்சி என்றால் என்ன? காசு எங்கே போகின்றது? கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிக்கலாம். கட்டிலுக்குக் கொடுத்தால் கட்டிலைத் தொட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்குக் கொடுத்ததைக் கண்ணால் காண்பது கடினம். அதனால்தான் அதற்குக் காசு கேட்பதும் கடினமாக இருக்கின்றது.

சிறுவர்களுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 1940 களில் அதற்கு மருந்தே இல்லை. பிள்ளை சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறந்துவிடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர் அமினோப்டெரின் என்ற மருந்தைப் பதினாறு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இதை அவர் 1948 இல் வெளியிட்டார். அந்த மருந்தைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற யல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை எம்மில் பலர் அறியமாட்டோம். நோய் திரும்பி வந்தது உண்மை. ஆனால் தணிக்க முடியாத நோய் என்று அதன் பின்னர் எவரும் சொல்லவில்லை.

இன்னொரு மருந்தின் கதை எமது முற்றத்துக்கே வருகின்றது. கிணற்றடியிலும் சவக்காலை மதிலோரமும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் பட்டிப்பூவை, அதுதான் நித்தியகல்யாணியை, எல்லோரும் அறிவோம். நீரிழிவுக்கு அது நல்லது என்ற நாட்டு வைத்திய நம்பிக்கையைச் சோதிப்பதற்காகக் கனடாவின் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் அதன் இலைகளை ஆராய்ந்தார்கள். நீரிழிவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாறாக, அது இரத்தத்தின் வெண்கலங்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்தச் செடியிலிருந்து பின்னர் பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டீன் 1960 களிலிருந்து இன்றுவரை சிறுவர் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தவிர்க்க முடியாத மருந்து. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் காசுக்கு உடனடியாகப் பற்றுச்சீட்டு எழுதித் தர முடியாததற்குக் காரணமும் இதுதான்.

இப்படி ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்து, அளவைக் கூட்டிக் குறைத்து, எத்தனை மாதம் கொடுக்க வேண்டும் என்று கண்டறிந்ததன் பயனாக, வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் இன்று பிழைக்கின்றனர். எல்லாப் புற்றுநோய்களிலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டெரிக்கு வந்த எலும்புப் புற்றுநோயில், இன்று பெரும்பாலும் காலை அகற்றாமலே சத்திரசிகிச்சை செய்ய முடிகின்றது. ஆனால் பிழைப்போர் வீதம் 1980 களில் எட்டிய இடத்திலிருந்து பெரிதாக முன்னேறவில்லை. மருந்துகளும் பெரும்பாலும் அந்தக் காலத்து மருந்துகளே. சிறுவர் புற்றுநோய்கள் அரிதானவை. ஒவ்வொன்றும் வேறு வேறு வகை. வாங்குவோர் குறைந்த மருந்தைக் கண்டுபிடிப்பதில் கம்பனிகளுக்கு அவ்வளவு ஆர்வம் இருப்பதில்லை. ஆகவேதான் இரண்டு டொலர் குற்றிகள் தேவைப்படுகின்றன. டெரியின் பெயரால் 2007 இல் அமைக்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பல சிறுவர் வைத்தியசாலைகளை ஒன்றிணைத்து, சிகிச்சைக்கு அடங்காத அல்லது திரும்பி வந்த புற்றுநோய் உள்ள பிள்ளைகளின் கட்டியில் என்ன மரபணு மாற்றம் இருக்கின்றது எனப் பார்த்து, அதற்குப் பொருத்தமான மருந்தைத் தேடுகின்றது. அம்மாவின் கேள்விக்கு இப்படித்தான் பதில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த இலை எங்கட பட்டிப்பூவோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் என் வேலை வேறொரு கேள்வியையும் என் முன் வைக்கின்றது. உலகில் ஆண்டுதோறும் சுமார் நான்கு இலட்சம் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வசதியான நாடுகளில் அவர்களுள் 80 வீதத்துக்கு அதிகமானோர் குணமாகின்றனர். வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் குணமாவோர் 30 வீதத்துக்கும் குறைவு. மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, பிள்ளை பிழைக்கவில்லை. நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையை இடையில் நிறுத்திவிடுவதும் இதற்கான காரணங்களுள் முக்கியமானவை.

மலையகத்தில் நான் பணியாற்றும் பகுதியில் ஒரு தாய். மகனுக்கு ஐந்து வயது, இரத்தப் புற்றுநோய். முதல் மாதச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்னர் மூன்று தடவை கிளினிக்குக்குப் போகவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது பையன் லயத்துக்கு முன்னால் ரயர் உருட்டிக்கொண்டிருந்தான். "புள்ள நல்லாத்தானே ஓடி வெளையாடுறான் மிஸ். இன்னும் எதுக்கு ஊசி?" என்று அவர் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது அறியாமையல்ல. கண் கண்டதைச் சொல்கின்றார். முதல் மாதத்திலேயே இரத்தப் பரிசோதனையில் நோய்க்கலங்கள் தெரியாமற் போய்விடும். ஆனால் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கும். இரண்டு, மூன்று ஆண்டுகள் மருந்து கொடுத்தால்தான் அவை அழியும். நிறுத்தினால் திரும்பி வரும், வரும்போது முன்னரைவிடப் பிடிவாதமாக வரும். இந்த அறிவு பொஸ்டனில் நோய் தணிந்து மீண்டும் இறந்துபோன அந்தப் பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது என்று அவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வேறு விடயங்கள் வெளியே வந்தன. கொழும்புப் பக்கம் போவதென்றால் விடியற்காலை இருட்டில் பஸ் ஏறவேண்டும். அன்றைய கைக்காசு போய்விடும். மூத்த பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் சின்னவளைப் பார்க்க மறிக்க வேண்டும். வைத்தியசாலையில் மருந்து இலவசம்தான். அங்கே போய்ச் சேர்வதுதான் இலவசமில்லை.

எமது நாட்டிலும் புற்றுநோய்க்காக மக்கள் தெருவில் இறங்கியிருக்கின்றார்கள். 2011 இல் தெற்கே தெவிநுவர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடைபவனி 27 நாட்கள் நடைபெற்றது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், தெற்கிலிருந்து நடந்து வந்தவர்கள் சேர்த்த காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016 இல் அதே பாதையில் மறுதிசையாக, பருத்தித்துறையிலிருந்து தெவிநுவரவுக்கு நடந்தார்கள். அந்தத் தடவை காலி கராப்பிட்டியில் வைத்தியசாலை அமைப்பதற்காக. இவை மகத்தான காரியங்கள். வடக்கிலுள்ள ஒரு தாய் பிள்ளையோடு கொழும்புக்கு அலைவது எவ்வளவு குறைந்திருக்கும்!

தோட்டத்து இளைஞர் கழகத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். சித்திரை மரதனை இந்தத் தடவை நிதி சேர்க்கும் ஓட்டமாக வைப்போமா என்று கேட்டேன். கிண்ணம் இல்லாவிட்டால் ஒருவரும் ஓட மாட்டார்கள் என்று செயலாளர் தம்பி சொன்னார். வாக்குவாதத்தின் பின் கிண்ணத்தை விட்டார்கள். அடுத்து, பையனின் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பதாகை கட்ட வேண்டும் என்றார்கள். இதற்கு நான் சம்மதிக்கவில்லை. மின்கம்பங்களிலும் முகநூலிலும் மொட்டையடித்த பிள்ளைகளின் படங்களைப் போட்டு, வங்கிக் கணக்கு இலக்கத்துடன் இரங்கல் கேட்பது இப்போது வழமையாகிவிட்டது. பிள்ளை பிழைத்துப் பாடசாலைக்குப் போகும்போது அந்தப் படமும் கூடவே போகும். 1948 இல் பொஸ்டனில் பார்பர் வானொலி வழியாக நிதி கேட்டபோது, கட்டிலில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையனின் பெயரை மறைத்து "ஜிம்மி" என்று வேறு பெயர் சொல்லித்தான் பேச வைத்தார்கள். அமெரிக்கா முழுவதிலுமிருந்து காசு வந்து குவிந்தது. பெயர் இல்லாமலே வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், பேரப்பிள்ளைகளைக் கண்ட பெரியவராக, அந்த ஜிம்மி தாமாகவே முன்வந்து நான்தான் என்று சொன்னார். சொல்வதா விடுவதா என்பது அவருடைய உரிமையாக இருந்தது. ஆகவே எமது பதாகையில் படமும் இல்லை, பெயரும் இல்லை.

ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். கொழுந்து எடுக்கும் அக்காமார் சிலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தாளில் இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் என்றுதான் அதிகமாக எழுதியிருந்தது. சேர்ந்த காசு பெரிய தொகையல்ல. அதில் கிளினிக் செல்லும் குடும்பங்களுக்குப் பஸ் செலவு கொடுக்கின்றோம். அந்தத் தாய் இப்போது தவணை தவறாமல் போகின்றார்.

ஒரு சிறு பகுதியை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கும்படி நான் கேட்டேன். "நம்ம காசுல என்னா மிஸ் ஆராய்ச்சி?" என்று சிரித்தார்கள். ஒரு தடித்த கொப்பி வாங்கினோம். சமூகவியல் படித்த எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி அதுதான். எந்தக் குடும்பம் எந்தத் திகதியில் கிளினிக்குக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வருகின்றோம். பஸ் காசு இல்லை என்பதுதான் முதலில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மற்றப் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்பதே அடிக்கடி வருகின்றது.

அடுத்த சித்திரை ஓட்டத்துக்கான தாளில் தொகை எழுதும் நிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலும் கீறியிருக்கின்றோம். கிளினிக் நாளில் ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள் அதில் தங்கள் பெயரை எழுதலாம். இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கின்றார்கள். அவர்களுள் ஐவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டிமார்.